பதினேழு பீப்பாய்

பூமிக்குள்ளிருந்து வருகிற எண்ணெயை
இந்த ஊர்ப் பேச்சில் தண்ணீர் என்றே சொல்வார்கள்.
யே என்றால் தண்ணீர். நான் என்றால் நாற்றம்.
தமிழில் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வரும்.
சாங் என்றால் ஓடை.
யேனாஞ்சாங்கில் ஒன்பது வருஷமாக
ராக்கப்பன் முதலாளியின் மூன்று கிணறுகளுக்கு
இராக் காவல், நான்.

ஒரு தை மாதம் ஒரு பீப்பாய் களவு போனது.
அவர் திட்டவில்லை. சம்பளத்தில் பிடித்துக்கொண்டு
ஒன்றே ஒன்று சொன்னார்:
கண்ணுல விளக்கெண்ணெய விட்டுக்கிட்டுப் பாருப்பா.
எண்ணெயை விட்டுக்கொள்ளவில்லை.
இமைப்பதைத்தான் விட்டேன், முடிந்தமட்டும்.
மோட்டார் நின்ற பிறகு, ஐராவதிப் பக்கமிருந்து
மணல் கலந்த காற்று வரும் நேரத்தில்
பதினேழு பீப்பாயையும் விழி அசையாமல் எண்ணுவேன்,
எனக்குக் கண் திறந்துவிட்டுச்
சிற்பி எழுந்து போய்விட்ட மாதிரி.

பிறகு கண் ஒழுக ஆரம்பித்தது.
டீக்கடையில் ஒழுகும். மொஹிங்கா ஆவி பட்டால் ஒழுகும்.
முதலாளியின் தாயார் இறந்த வீட்டில்
கடைசி வரிசையில் நின்றிருந்தேன்.
அந்த அம்மாளை நான் இரண்டு தரம் பார்த்திருந்தால் அதிகம்.
ஒழுகியது, சட்டை நனைய.
முதலாளி வந்து என் தோளைப் பிடித்தார்.
மறுநாள் ஒரு புது லுங்கியும்
பிடித்த பீப்பாய்ப் பணமும் வந்தன.
வாங்கிக்கொண்டேன்.
என்ன சொல்லியிருக்க வேண்டும்?

புத்த மடத்தில் கண் முகாம்.
நர்ஸ் பெயர் மா தெத் வை,
கன்னத்தில் தனக்கா காய்ந்து வெடித்திருந்தது.
மஞ்சள் சாயத் தாளைக் கண்ணில் தொட்டு
நீல வெளிச்சத்தைப் போட்டு
இமைக்காதே என்றாள். அது எனக்குத் தெரிந்த வேலை.
டிட், நிட்,
தோன் சொல்வதற்குள்
பச்சைப் படலத்தில் கறுப்பாய் ஓட்டை விழுந்துவிட்டதாம்.
பத்து வரையாவது தாங்க வேண்டுமாம்.
உனக்கு வறண்ட கண், என்றாள்.
ஒழுகுவதைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்:
வறண்டதா?

தண்ணீர் இருக்கிறது. எண்ணெய்தான் இல்லை.

இமை விளிம்பில், மயிருக்குப் பின்னால்
வரிசையாய்க் கிணறுகள்; மேலே முப்பது போல,
கீழே கொஞ்சம் குறைவு.
ஒவ்வொரு இமைப்புக்கும் ஒரு பொட்டு கசிந்து
கண்ணீரின் மேல் பரவுமாம்,
ஒரு மயிரிழையை நீளவாக்கில்
ஆயிரமாய் வகிர்ந்தால் வருகிற கனத்தில்.
அது மூடியிருக்கும்வரை நீர் நிற்கும்.
இல்லையென்றால் காற்று குடித்துவிடும்.
கண் பயந்துபோய்க் குடம்குடமாய் ஊற்றும்,
ஊற்றியது தங்காமல் கன்னத்தில் ஓடும்.
இமைக்காதவன் கிணறு தூர்ந்துபோகும்,
உள்ளேயே இறுகி, மார்கழித் தேங்காயெண்ணெய் போல.
கட்டைவிரலால் அவள் அழுத்தியபோது
பற்பசை மாதிரி ஏதோ வந்தது.
முகம் சுளிக்காமல் துடைத்தாள்.

தேவர்கள் இமைப்பதில்லை என்பார்கள்.
அவர்கள் ஊரில் காற்றில்லையோ என்னவோ.

இப்போது அந்தி சாய்ந்ததும் இமைமேல் சுடுதண்ணீர்த் துணி,
ஆறஆற நனைத்துப் பத்து நிமிஷம்.
பிறகு கிணற்றடிக்கு வந்து
முழுசாக மூடித் திறக்கிறேன், அவள் சொன்ன கணக்குக்கு.
மூடியிருக்கும் அந்த ஒரு கணம்
பீப்பாய்கள் என்னை நம்பி நிற்கின்றன,
அல்லது நான் அவற்றை.
திறந்தால் பதினேழு.
மூடித் திறந்தால் பதினேழு.

நேற்று முதல் மழை.
கிணற்றடிக் குட்டையில் ஊதா, பச்சை, செம்பு,
ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நகர்ந்தன.
குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.
எரிந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஒழுகல் ஏறக்குறைய நின்றுவிட்டது.
அடுத்த மாதம் அந்த அம்மாளுக்குத் திவசம்.
முதலாளி என்னை முன்வரிசைக்குக் கூப்பிட்டிருக்கிறார்.
உடுத்திக்கொண்டு போக
அந்த லுங்கிதான் இருக்கிறது.